நாய் ஓயாமல் குரைக்கிறதா? பக்கத்து வீட்டில் முதலில் கேளுங்கள்! | வீட்டுச் செல்லம்

இரவு 2 மணி. ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு மாடியிலிருந்து `வள்... வள்...' என்று ஆரம்பிக்கும். அதற்கு எதிர்த்தெரு நாய் பதில் கொடுக்கும். ஐந்தாவது நிமிடம் தெருவில் இருக்கும் அத்தனை நாய்களும் கச்சேரியில் சேர்ந்துவிடும். மறுநாள் காலை வாசல் தெளிக்க வரும்போது, நாய் வளர்க்கும் வீட்டை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் அக்கம்பக்கத்தினருக்கும் நடக்கும் சண்டைகளில் பாதி இந்தக் குரைப்பில்தான் தொடங்குகிறது. முதலில் முணுமுணுப்பு, பிறகு வாய்த்தகராறு, அப்புறம் போலீஸ் புகார். கடைசியில், ``எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்'' என்று வீட்டுக்குள்ளேயே பேச்சு எழும். இத்தனைக்கும் அந்த நாய் சொல்ல வந்தது என்ன என்று அதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

குரைப்பது நாயின் கெட்ட பழக்கம் அல்ல, அதன் பேச்சு. அதை முழுவதுமாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால், அளவுக்கு மீறிய குரைப்பைக் குறைக்க முடியும். அதற்குக் குரைப்பை அடக்கினால் போதாது, குரைக்க வைக்கும் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே `வள்' அல்ல

நாயின் மூதாதையரான ஓநாய், வளர்ந்த பிறகு அபூர்வமாகத்தான் குரைக்கும். நாய் மட்டும் எதற்கெடுத்தாலும் குரைக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகள் மனிதர்களோடு வாழ்ந்ததில் அந்தக் குரலுக்குப் புதிய வேலைகள் வந்து சேர்ந்தன என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் இருக்கும் ஓட்வோஸ் லோரண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்ராட்ஸ் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். `முடி' என்ற அந்நாட்டு ஆட்டுக்காவல் நாய்களின் குரைப்பை, அந்நியர் வருவது, தனியாகக் கட்டிவைக்கப்படுவது, விளையாடுவது, வெளியே கிளம்புவது என 6 சூழல்களில் பதிவுசெய்து மனிதர்களிடம் போட்டுக் காட்டினார்கள். எது எந்தச் சூழல் என்று பலராலும் ஓரளவு சரியாகச் சொல்ல முடிந்தது. 2005-ல் வெளியான இந்த ஆய்வில் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. நாயே வளர்க்காதவர்களும், வளர்ப்பவர்களுக்குச் சமமாகச் சரியாகச் சொன்னார்கள்.

அப்படியென்றால், உங்கள் நாயின் குரலில் இருக்கும் கோபத்தையோ தவிப்பையோ உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவாலும் கண்டுபிடிக்க முடியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

காதைத் தீட்டிக்கொண்டால் நீங்களும் பிரித்துவிடலாம். கனமான குரலில், இடைவெளியில்லாமல் தொடர்ந்து குரைத்தால் அது எச்சரிக்கை. `யாரோ வர்றாங்க, கிட்ட வராதே' என்று அர்த்தம். மெல்லிய குரலில், விட்டு விட்டுக் குரைத்தால் பயம் அல்லது தனிமை. உங்களையே பார்த்து ஒருமுறை குரைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து மறுபடியும் குரைத்தால், `என்னைக் கவனி' என்று பொருள். ஒரே தொனியில் மணிக்கணக்காக நீண்டால், பெரும்பாலும் அது சலிப்பு.

ஊளையிட்டால் எமன் வருகிறானா?

ராத்திரியில் நாய் ஊளையிட்டால் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறிவிடும். எமன் வருவது நாயின் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். இந்த நம்பிக்கையால் அடியும் கல்லும் வாங்கும் நாய்கள் ஏராளம்.

உண்மையில் ஊளை என்பது தொலைதூர அழைப்பு. கூட்டமாக வாழும் ஓநாய்கள், `நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?' என்று தகவல் சொல்லிக்கொள்ளும் வழி அது. ஆம்புலன்ஸ் சைரன், கோயில் சங்கு, நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை போன்றவை அந்த ஊளையைப்போலவே நீளமாக ஏறி இறங்கும் ஒலிகள். அதனால்தான் நாய் அவற்றுக்குப் பதில் கொடுக்கிறது. காது வலிப்பதால்தான் ஊளையிடுகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓடி ஒளிந்தால்தான் அது அவதி.

இதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 68 வளர்ப்பு நாய்களுக்கு ஓநாய் ஊளையைப் போட்டுக் காட்டி, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மரபணு ரீதியாக ஓநாய்க்கு நெருக்கமான இனங்கள் ஊளையாலேயே பதில் சொன்னன. நவீன இனங்களோ பெரும்பாலும் குரைத்தன. அதிலும் வயதான நாய்களிடம்தான் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

ஊளைக்கு வேறு காரணங்களும் உண்டு. தனியாக விடப்பட்ட தவிப்பு, உடம்பு வலி, பக்கத்தில் எங்கோ பெண் நாய் பருவத்துக்கு வந்திருப்பது ஆகியவை முக்கியமானவை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தெருநாய்களின் சத்தம் கூடுவதற்கு இனப்பெருக்கக் காலம்தான் காரணம். எமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புதுச்சேரி வீடும் நாயின் காதும்

மனிதக் காது சுமார் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு அமைதியாகத் தெரியும் வீடு, நாய்க்கு அப்படி இல்லை.

அதிலும் புதுச்சேரி நகரத்தின் வீட்டமைப்பே தனி. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே திறந்த முற்றம். ஒரு முற்றத்தில் எழும் சத்தம் அடுத்த முற்றத்தில் இறங்கும். கிழக்கே ஒயிட் டவுனில் உயரமான மதிலும் பெரிய கேட்டும் நேராகத் தெருவில் வந்து முடியும். அங்கே நாய்க்கு ஆள் தெரியாது. காலடிச் சத்தமும் வாசனையும்தான் தெரியும். வார இறுதியானால் கேட்டுக்கு அந்தப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்நியர் ஒரு நாளில் 200 பேர் வந்தால், 200 முறை எச்சரிக்க வேண்டும் என்பதுதானே நாயின் நியாயம்?

லாசுப்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் அப்பார்ட்மென்ட் வீடுகளில் இன்னொரு பிரச்னை. லிஃப்ட் கதவு, படிக்கட்டு, அடுத்த வீட்டு காலிங் பெல், டெலிவரி கொண்டுவருபவரின் பைக் என எல்லாமே தன் வீட்டுக்கு வரும் சத்தமாகத்தான் நாய்க்குக் கேட்கும்.

இவை போதாதென்று தீபாவளி, புத்தாண்டு, தேர்தல் வெற்றி, இறுதி ஊர்வலம் என்று வருஷம் முழுக்க வெடிச் சத்தம். மழைக்காலம் வந்தால் இடி வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது. மனிதர்களே நடுங்கிய அப்படியொரு ராத்திரியை, என்ன நடக்கிறது என்றே புரியாத ஒரு ஜீவன் எப்படிக் கடந்திருக்கும்?

நீங்கள் இல்லாதபோது நடப்பது யாருக்குத் தெரியும்?

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு ஒன்று முத்தியால்பேட்டையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டாமி அவர்கள் இருக்கும்போது சமர்த்து. ``எங்க டாமி குரைக்கவே மாட்டானே!'' என்று சத்தியம் செய்வார்கள். பக்கத்து வீட்டு அம்மா புகார் சொன்னால், ``அவங்களுக்கு நாயே பிடிக்காதுங்க'' என்று கோபம் வரும்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். தனிமையில் தவிக்கும் நாய், வீட்டில் ஆள் இல்லாதபோது மட்டும்தான் கத்தும். அதற்கு ஒரே சாட்சி பக்கத்து வீடு. அதனால் சண்டைக்குப் போவதற்கு முன் பேச்சுக்குப் போங்கள்.

``அம்மா, நாங்க வேலைக்குப் போனப்புறம் டாமி கத்துறானா? எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறான்?''

``ஆமாம் தம்பி. நீ வண்டியை எடுத்துட்டுப் போன அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சுடும். அழுவுற மாதிரி இருக்கும். பதினோரு மணிக்குத்தான் ஓயும்.''

இந்தப் பதிலில் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. நீங்கள் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் தொடங்கி, அழுகைபோல ஒலித்தால் அது பிரிவுத் தவிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாள் முழுக்க, யாராவது கடந்து போகும்போதெல்லாம் என்றால் காவல் குரைப்பு. மதியம் தொடங்கி நேரங்காலம் இல்லாமல் என்றால் சலிப்பு.

கேட்கக் கூச்சமாக இருந்தால், பழைய செல்போன் ஒன்றை வீட்டில் வைத்து ஆடியோ ரெக்கார்டிங்கை ஓடவிட்டுப் போங்கள். கூடவே ஒரு வாரத்துக்கு நோட்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை மணி, எவ்வளவு நேரம், குரைப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, எப்படி நின்றது. ஏழாவது நாள் காரணம் பெரும்பாலும் உங்கள் கண்முன்னால் இருக்கும்.

காரணத்துக்கு ஏற்ற மருந்து

*கேட்டைப் பார்த்துக் குரைத்தால்:* தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் வேலை முடிந்து போனார் என்று நமக்குத் தெரியும். நாய்க்கோ, `நான் குரைத்துத்தான் விரட்டினேன்.' தினமும் வெற்றி கிடைக்கும் வேலையை யார் விடுவார்கள்? முதலில் பார்வையை மறையுங்கள். கேட்டின் கீழ்ப்பாதியில் தகரமோ மூங்கில் தட்டியோ கட்டினாலே பாதி குறையும். அடுத்து, சத்தத்தின் அர்த்தத்தை மாற்றுங்கள். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்கள், உணவோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய ஒலிக்கே எச்சில் ஊறிய கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதே சூத்திரம் இங்கும் உதவும். வீட்டில் ஒருவரை காலிங் பெல் அடிக்கச் சொல்லுங்கள். மணி ஒலித்த உடனே, குரைக்க வாய் திறப்பதற்கு முன், எலும்பு நீக்கிய வேகவைத்த சிக்கன் துண்டு ஒன்றை அதன் பாயில் போடுங்கள். தினம் பத்து முறை செய்யுங்கள். சில வாரங்களில் மணி அடித்தால் கேட்டுக்கு ஓடாமல் பாய்க்கு ஓடும்.

*தனிமையில் கத்தினால்:* நீங்கள் சாவியை எடுக்கும்போதே அதற்குப் படபடப்பு தொடங்கிவிடும். எனவே, சாவியை எடுத்துவிட்டு டி.வி பாருங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சமையல் அறைக்குப் போங்கள். அந்தப் பொருள்களுக்கும் பிரிவுக்கும் உள்ள தொடர்பு அறுபடட்டும். பிறகு வெளியே போய் அரை நிமிடத்தில் திரும்புங்கள். அது அமைதியாக இருந்தால் ஒரு நிமிடம், மூன்று, ஐந்து, பத்து என்று கூட்டுங்கள். பதறினால் முந்தைய படிக்கு வாருங்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் கொஞ்சிக் கொண்டாட வேண்டாம். பயிற்சி முடியும்வரை பாட்டி வீட்டிலோ நண்பர் வீட்டிலோ விட்டுவிட்டுப் போக முடிந்தால் நல்லது. தவிப்பு கடுமையாக இருந்தால் பயிற்சியோடு மருந்தும் தேவைப்படலாம். அதை கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

*சலிப்பில் குரைத்தால்:* நாயின் இனத்தைப் பாருங்கள். ராஜபாளையம், கோம்பை போன்றவை காவலுக்குப் பேர்போனவை. சிப்பிப்பாறை, கன்னி வேட்டையில் ஓடியவை. பீகிள், வேட்டையின்போது நீளமாகக் குரல் கொடுப்பதற்கென்றே வளர்க்கப்பட்டது. நம் வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் குட்டி நாய்க்கு இலை அசைந்தாலும் தகவல் சொல்லியாக வேண்டும். இவற்றை மொட்டை மாடியில் கட்டிப்போட்டால் வாய்தான் வேலை செய்யும். வெயிலுக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும் தலா அரை மணி நேரம் நடத்துங்கள். தரையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால், அதன் பாதமும் தாங்காது. நடக்கும்போது அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்கவிடுங்கள். நாய்க்கு அது நாளிதழ் படிப்பதுபோல. சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல், பழைய துண்டில் சுருட்டிவைத்துத் தேடச் சொல்லுங்கள். நாய்களுக்கான ரப்பர் பொம்மைக்குள் தயிர் சாதத்தை அடைத்து ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால் நீண்ட நேரம் ஓடிவிடும்.

*கவனம் கேட்டுக் குரைத்தால்:* `சும்மா இரு' என்று கத்துவதும் நாய்க்குக் கவனம்தான். நீங்களும் சேர்ந்து குரைப்பதாக அது நினைத்தாலும் ஆச்சர்யமில்லை. குரைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மூன்று விநாடி அமைதியானதும் பாராட்டுங்கள். தொடக்கத்தில் குரைப்பு குறையாது, கூடும். இதுவரை வேலை செய்த வழி ஏன் வேலை செய்யவில்லை என்று அது இன்னும் பலமாக முயலும். நான்காவது நாள் பாட்டி மனம் இளகி பிஸ்கட் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. `விடாமல் குரைத்தால் கிடைக்கும்' என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். எனவே, வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் இருக்க வேண்டும்.

*பயத்தில் குரைத்தால்:* வெடி, இடி நேரத்தில் ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் டி.வி-யையும் ஓடவிட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய போர்வை விரித்து வையுங்கள். அந்த நேரத்தில் தடவிக்கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பது கட்டுக்கதை. அது உங்களிடம் வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

இது மருத்துவரின் வேலை

இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரெனக் குரைக்க ஆரம்பித்தால் பயிற்சியைத் தேடாதீர்கள், மருத்துவரைத் தேடுங்கள். காது சீழ், பல் வலி, மூட்டு வலி எதுவாகவும் இருக்கலாம். வயதான நாய்களுக்குக் காதும் கண்ணும் மங்கும். சிலவற்றுக்கு மனிதர்களின் மறதி நோயைப்போல மூளைத் தளர்ச்சி வந்து, பகலில் தூங்கி, இரவில் சுவரைப் பார்த்துக் குரைக்கும். அதற்குத் திட்டு எதற்கு? ஒரு சின்ன இரவு விளக்கும், கூப்பிடு தூரத்தில் படுக்கையும், மருத்துவரின் ஆலோசனையும்தான் தேவை. புதுச்சேரியில் அரசு கால்நடை மருத்துவமனையும், குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. நாயின் குரலே மாறி, கரகரத்து, எச்சில் ஒழுகி, விழுங்கச் சிரமப்பட்டால் ரேபிஸாக இருக்கலாம். வாய்க்குள் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்காதீர்கள். குழந்தைகளைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

வாயைக் கயிற்றால் கட்டுவது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். புதுச்சேரியின் சித்திரை வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து. குரைத்தால் ஷாக் அடிக்கும் கழுத்துப்பட்டையும் வேண்டாம். வலி குரைப்பை அடக்கலாம், பயத்தைக் கூட்டிவிடும். குரைத்து எச்சரிக்கக் கூடாது என்று கற்ற நாய், எச்சரிக்காமலே கடிக்கக் கூடும். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை, வேண்டவே வேண்டாம்.

சட்டம் யார் பக்கம்?

இரண்டு பக்கமும்தான். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டாலும், குடியிருப்போர் சங்கம் செல்லப் பிராணிக்குத் தடை விதிக்க முடியாது. குரைப்பது நாயின் இயல்பு, அதைச் சமூகம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது வாரியம். அதே வழிகாட்டுதல், ஓயாத குரைப்பு அக்கம்பக்கத்தினருக்குத் தொந்தரவு என்பதால், குறிப்பாக இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க எல்லா முயற்சியும் எடுக்கும்படி உரிமையாளரிடமும் சொல்கிறது.

நாயை எப்போதும் சங்கிலியிலேயே வைத்து நடக்கவிடாமல் இருப்பதும், பசியால் வாடும்படி கைவிடுவதும் 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சத்தம் பொறுக்காமல் விஷம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

தெருநாய்களின் இரவுக் கச்சேரிக்குக் கல்லெறிவதால் பலனில்லை. சத்தம் இன்னும் கூடும். கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும்தான் வழி. 2023-ன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அந்தப் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்திருக்கின்றன. தெருவாசிகள் சேர்ந்து நகராட்சியிடமோ கொம்யூன் பஞ்சாயத்திடமோ மனுக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

நாய் கத்துவதால் தூக்கம் கெட்டு நீங்கள் படும் அவதி நிஜம். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், நோயாளி இருக்கும் வீட்டிலும் அது சின்ன விஷயமே இல்லை. ஆனால், ``உங்க நாய் எப்பப் பார்த்தாலும் கத்துது'' என்று சொல்வதைவிட, ``செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒண்ணரை மணிக்கு ஆரம்பிச்சு அரை மணி நேரம் அழுதுச்சு'' என்று சொன்னால் பலன் அதிகம். முதலாவது குற்றச்சாட்டு, கேட்பவருக்குக் கோபம்தான் வரும். இரண்டாவது தகவல், அதை வைத்து அவர் ஏதாவது செய்ய முடியும்.

நாய் வளர்ப்பவர்களும் அந்தத் தகவலைக் காதுகொடுத்துக் கேட்டு, ``நாங்க இப்ப பழக்கிட்டு இருக்கோம்மா, ஒரு மாசம் பொறுத்துக்குங்க'' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முயற்சி நடக்கிறது என்று தெரிந்தால் பலரும் பொறுத்துக்கொள்வார்கள். பழகிய பிறகு, நீங்கள் ஊரில் இல்லாத ஒரு நாளில், உங்கள் டாமிக்குத் தண்ணீர் வைக்கப்போவதும் அநேகமாக அதே அம்மாதான்.